பெட்டியடியில் தொடங்கிய பயிற்சி

தனித்தொழில் தொடங்குவதற்குரிய யோக்கியதையை ஒருவன் எவ்வாறு சோதித்தறிவது என்னும் வினாவுக்கு, பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கண்ட விடை நெடுங்காலப் பயிற்சியே. 1/320 ஆகிய முந்திரி வரை பின்ன வாய்பாட்டை மனனம் செய்த சிறுவன், பணப்பெட்டியருகே இருந்து தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகக் கடையில் அமர்ந்து, எடுபிடி வேலையோடு பேரேடு எழுதவும், கடன் கேட்டு வருபவரின் நாணயத்தை ஆராய்ந்தறியவும் பழகி, அடுத்தாள் என்னும் உதவியாளனாகவும், பின்னர் முதலாளியின் ஸ்தானத்திலிருந்து கடையை நிர்வகிக்கும் மேலாளாகவும் உயர்ந்தான். பெரும்பாலும் 3 ஆண்டுத் தவணையாக அமைந்த அவ்வுத்தியோகத்தில் ஈட்டிய சம்பளத்தையும் லாபப் பங்கையும் மூலதனமாக்கியே பலர் சொந்தக் கடை வைத்தனர். கைம்முதலுக்கு முன்னே கணக்கறிவும், பிறர் பணத்தைப் பழுதின்றிக் காத்த அனுபவமும் வேண்டும் என்ற அந்த விவேகம், இன்று தொழில் தொடங்க விழைவோர் தம்மை அளந்தறிவதற்கும் உரிய பிரமாணமாகும்.