நைஸ் என்னும் சொல்லின் வரலாறு

ஆங்கிலம் பயிலத் தொடங்கும் மாணவர் முதலிற் கற்கும் பண்புச் சொற்களுள் நைஸ் என்பதும் ஒன்று. உணவு, உடை, மனிதர், வானிலை ஆகிய யாவற்றையும் புகழ அவ்வொரு சொல்லே போதும். எளிய சொல்லாதலின் அகராதியில் அதனைத் தேடுவார் அரியர். ஆயினும் பழைய ஆங்கில நூல்களைப் படிப்போரை இதனினும் எளிதாக ஏமாற்றும் சொற்கள் மிகச் சிலவே. அதன் ஒலியும் மாறிற்று, பொருளும் மாறிற்று, எழுத்து மாத்திரம் பெரும்பாலும் பழைய கோலத்திலேயே நிற்கின்றது.

இலத்தீன் மொழியில் நெஸ்கியுஸ் என்பது அறியாதவன் எனப் பொருள்படும். அது பிரெஞ்சு மொழியிற் சிதைந்து, பேதை என்னும் பொருளைப் பெற்றது. 1066 ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு மொழி அரசவை மொழியாயிற்று. அம்மொழிச் சொற்கள் பல ஆங்கிலத்துட் புகுந்தன. இச்சொல்லும் அவ்வாறே புகுந்தது. 1400 இல் மறைந்த சோசர் என்னும் புலவர், பாத் நகரத்து மாது கூறும் கதையில், அறிவுடைமைக்கு மறுதலையாகவே இதனை ஆண்டுள்ளார். இன்று புகழ்ச்சியாய் வழங்குவது அன்று வசையாய் இருந்தது.

சோசர் காலத்தவர் இதனை நைஸ் என்று உச்சரித்திலர். முதலுயிரை நம் ஈகாரம் போல நீட்டி, ஈற்றிலுள்ள எகரத்தையும் ஒலித்து, ஏறக்குறைய நீஸெ என்றனர். பின்னர் ஈற்றுயிர் தேய்ந்து மறைந்தது. பதினைந்தாம் நூற்றாண்டு தொடக்கம் ஆங்கில நெட்டுயிர்கள் யாவும் தத்தம் இடம் பெயரலாயின. டென்மார்க்கு அறிஞர் யெஸ்பர்சன் இதற்குப் பெரும் உயிரொலிப் பெயர்ச்சி எனப் பெயரிட்டார். இப்பெயர்ச்சியால் ஈகாரம் ஐகாரம் போன்ற ஒலியாயிற்று. காலத்தைக் குறிக்கும் டைம், வாழ்வைக் குறிக்கும் லைஃப் முதலியனவும் இவ்வழியே வந்தவை. 1476 இல் கக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்துமுறை இறுகியது, ஒலியோ இறுகவில்லை. ஆங்கில எழுத்து ஒலிக்கு ஒவ்வாதது என்று குறை கூறுவோர் உளர். அவ்வெழுத்து இறந்த ஒலியின் சாசனம் என்பதை அவர் எண்ணுவதில்லை. பிரான்சின் தென்கரையிலுள்ள நீஸ் நகரின் பெயரும் இதே எழுத்துக்களால் ஆனது. ஆயின் அது கிரேக்கச் சொல்லின் வழிவந்த வேறொரு பெயர், இச்சொல்லோடு உறவற்றது.

பொருளின் பயணம் ஒலியின் பயணம் போல ஒழுங்குடையதன்று. பேதைமையிலிருந்து ஒழுக்கக்கேடு, சோம்பல், கூச்சம் எனப் பல கிளைகள் தோன்றின. எளிதில் நிறைவுறாது எதிலும் குற்றம் காண்பவனையும் இச்சொல் குறித்தது. அத்தகையோன் சிறியவற்றையும் ஆராய்வானன்றோ? ஆகவே நுட்பம், துல்லியம் என்னும் பொருள்களும் வந்து சேர்ந்தன. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டு நூல்களில் இவற்றுள் எது கருதப்பட்டது என்று துணிதல் பல இடங்களில் அரிது.

சேக்சுபியரின் ரோமியோவும் ஜூலியட்டும் என்னும் நாடகத்தின் ஐந்தாம் அங்கம் இதற்குத் தக்க சான்றாகும். ஜூலியட் இறந்தவள்போற் கிடப்பதன் மறைபொருளை ரோமியோவுக்கு அறிவிக்கத் துறவி லோரன்ஸ் ஒரு மடல் விடுத்தார். கொள்ளைநோய் அச்சத்தாற் காவலர் தூதனை அடைத்துவைத்தமையின் அது சேரவில்லை. அதை அறிந்த துறவி, அம்மடல் நைஸ் ஆனதன்று, பாரமானது என்று பதறுகின்றார். இங்கே இச்சொல் அற்பமானது எனப் பொருள்படும். இனியது என்று கொள்பவர், துறவி மடலின் நடையைப் பழித்ததாக எண்ணுவர். இருவர் உயிரைக் காத்திருக்கக்கூடிய மடல் என்பது அவருக்குப் புலனாகாது.

இனியது என்னும் பொருள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. 1755 இல் வெளிவந்த ஜோன்சனின் அகராதி நுட்பத்தையும் அளவிறந்த கூர்மையையுமே முதன்மையாகக் கூறுகின்றது. 1817 இன் இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் நோர்தாங்கர் அபே என்னும் நாவலில், ஹென்றி டில்னி என்பான் இப்புதுவழக்கை எள்ளி நகையாடுகின்றான். நூலும் நைஸ், நாளும் நைஸ், நடையும் நைஸ் எனின் சொல்லுக்குப் பொருளேது என்பது அவன் கருத்து. முன்னாளில் இச்சொல் செம்மை, மென்மை, நயம் என்பவற்றுக்கே உரியதாய் இருந்திருக்கலாம் என்றும் அவன் சொல்கின்றான். நகை நன்றே, வாதம் நன்றன்று. அவன் மூலப்பொருள் எனக் கொண்டது நடுவழியில் வந்த பொருளே. மெய்யான மூலத்தை வேண்டுவானாயின், நைஸ் என்ற சொல்லாற் பேதையரையன்றிப் பிறரை அழைத்தல் கூடாது.

தமிழில் நாற்றம் எதிர்வழியிற் சென்றது. சங்கப் புலவர்க்கு நறுமணமாயிருந்தது இன்று தீமணமாயிற்று. சொற்கள் எப்பொழுதும் இழிவை நோக்கியே செல்லும் என்பார்க்கு ஆங்கிலச் சொல் மறுப்பாகும்.

ஆங்கிலத்தின் வழியே நம் பேச்சிற் புகுந்த நைஸ் வேறொரு வழியிற் சென்றுள்ளது. மாவை நைசாக அரை என்னுங்கால் நுண்மைப் பொருளும், நைசாகப் பேசிக் காரியம் முடித்தான் என்னுங்காற் சாதுரியப் பொருளும் தோன்றுகின்றன. பின்னதை இன்றைய ஆங்கிலேயர் அறியார். முன்னதோ, நுண்ணிய வேறுபாட்டை நைஸ் டிஸ்டிங்ஷன் எனக் கூறும் அறிஞர் வழக்கில் அவர்களிடத்தும் எஞ்சியுள்ளது.