நட்சத்திரங்களின் மூலப்பொருள்

நட்சத்திரங்கள் வாயுவில் இருந்து பிறக்கின்றன. விண்வெளியில் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் குளிர்ந்து, மூலக்கூறுகளாகி, சொந்த ஈர்ப்பு விசையாலேயே சுருங்கும்போது புதிய நட்சத்திரம் உருவாகிறது. ஆக, ஒரு கேலக்ஸியில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று தெரிந்தால் அதன் எதிர்காலத்தையும் ஓரளவு சொல்லிவிடலாம். சிக்கல் என்னவென்றால், குளிர்ந்த ஹைட்ரஜன் சாதாரணத் தொலைநோக்கியில் தெரியாது.

இதற்கு வழி சொன்னவர் ஒரு மாணவர்! 1944இல் நெதர்லாந்து ஜெர்மனியின் பிடியில் இருந்தது. அந்த நிலையிலும் வானியலாளர் யான் ஊர்ட் எழுப்பிய கேள்விக்கு, 25 வயது ஹென்க் வான் டி ஹுல்ஸ்ட் கணக்குப் போட்டு விடை சொன்னார். ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானின் சுழற்சித் திசை மாறும்போது 21 செ.மீ. அலைநீளத்தில் ரேடியோ அலை வெளிப்படும். ஓர் அணுவில் இது தானாக நடக்க சராசரியாக ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் விண்வெளியில் அணுக்களுக்கா பஞ்சம்?

போர் முடிந்தபின், ஜெர்மானியர் விட்டுச்சென்ற ரேடார் ஆண்டெனாவைக் கொண்டே டச்சு விஞ்ஞானிகள் அந்த அலையைத் தேடினார்கள். 1950இல் அவர்களுடைய ரிசீவர் தீயில் எரிந்துபோனது. 1951 மார்ச் 25 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டில் ஈவன், பர்செல் இருவரும் முந்திக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் புகழை மட்டும் பார்க்கவில்லை. தங்கள் முறையை டச்சுக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மே மாதம் அவர்களும் கண்டுபிடித்தபின், இரு குழுக்களின் கட்டுரைகளும் 'நேச்சர்' இதழில் ஒன்றாகவே வெளிவந்தன.

அதன்பின் கணக்குகள் வேகமாக வந்தன. வாயு அடர்த்தி கூடக்கூட நட்சத்திரப் பிறப்பும் கூடுகிறது என்று 1959இல் மார்ட்டன் ஷ்மிட் காட்டினார். ஆனால் கணக்கு ஓரிடத்தில் இடித்தது. நம் பால்வீதி ஆண்டுக்கு ஓரிரு சூரியன்களின் எடையுள்ள வாயுவை நட்சத்திரங்களாக்குகிறது. இந்த வேகத்தில் கையிருப்பு சில நூறு கோடி ஆண்டுகளில் தீர்ந்துவிடும். ஆனால் 1000 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக உற்பத்தி நடக்கிறது. அப்படியானால் வெளியில் இருந்து புதிய வாயு வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. புனே அருகிலுள்ள ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கி மூலம், 7,653 கேலக்ஸிகளில் இருந்து வந்த அதே 21 செ.மீ. சமிக்ஞைகளைச் சேர்த்துப் பார்த்து, 800 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வாயு இருப்பை இந்திய விஞ்ஞானிகள் 2020இல் அளந்தார்கள். அந்த இருப்பு 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்குத்தான் போதுமானதாக இருந்தது. வரவு செலவுக்கு ஈடுகொடுக்காததால்தான் பிரபஞ்சத்தில் நட்சத்திரப் பிறப்பு குறைந்தது என்பது அவர்களின் முடிவு.

வானத்திலும் வரவு நின்றால் கதை முடிந்தது!