புன்வெற்றிடம்: ஒரு பெயரின் வரலாறு

பெயர் பொருளின் இயல்பை உணர்த்தல் வேண்டும் என்பர். உயிரியலில் அவ்விதிக்கு மாறாக நிலைபெற்ற பெயர்களுள் புன்வெற்றிடம் என்பதும் ஒன்று. 'புன்' என்பது சிறுமையையும் 'வெற்றிடம்' என்பது யாதுமற்ற இடத்தையும் குறிக்கும். ஆயின், முதிர்ந்த தாவரக் கலத்தில் அவ்விடம் சிறியதுமன்று, வெறியதுமன்று. கலத்தின் கனவளவில் பத்தில் எட்டுப் பங்கிற்கு மேலாகவும் அதுவே கொள்வதுண்டு.

பிழை தமிழில் தோன்றியதன்று. 1776இல் இத்தாலிய அறிஞர் இசுபலன்சானி, நீரில் வாழும் நுண்ணுயிர்களில் விண்மீன் வடிவாய் விரிந்து சுருங்கும் உறுப்புக்களைக் கண்டு, அவற்றை மூச்சுறுப்புக்கள் எனக் கருதினார். 1841இல் பிரெஞ்சு அறிஞர் துயார்தன், வெறுமையைக் குறிக்கும் இலாத்தீன் சொல்லடியாக அவற்றிற்கு 'வக்குவோல்' எனப் பெயரிட்டார். அப்பெயரே பின்னர்த் தாவரக் கலத்திற்கும் ஏறியது. நுணுக்குக்காட்டியில் ஒளி தடையின்றிப் புகும் தெளிந்த நடுப்பகுதி வெறுமையாய்த் தோன்றியது வியப்பன்று.

அவ்வெறுமைக்குள் இருப்பதை ஆராய்ந்தோருள் தலையாயவர் ஒல்லாந்த நாட்டுத் தாவரவியலார் ஊகோ தெ விரீசு. அவர் கலங்களை உப்புக் கரைசல்களில் இட்டு, முதலுரு கலச்சுவரை விட்டு விலகிச் சுருங்குவதை நுணுகி நோக்கினார். 1885இல், புறத்தேயுள்ள முதலுரு இறந்த பின்னரும் நடுவிலுள்ள சாற்றைச் சூழ்ந்த மென்சவ்வு உயிர்ப்புடன் நிற்பதைக் காட்டினார். வெற்றிடத்திற்கு உயிருள்ள சுவர் ஏது? வலிகாமத்துச் செம்மண்ணில் விளையும் சின்ன வெங்காயத்தின் செந்நிறத் தோலை உரித்து உப்புநீரில் இடும் மாணவன், அந்நிறம் ஒவ்வொரு கலத்தின் நடுவிலும் சுருங்கிச் செறிவதை இன்றும் காணலாம். நிறம் கரைந்திருப்பது அச்சாற்றிலேயே.

புகையிலை இன்னும் தெளிவான சான்று. அதன் நிக்கொற்றின் வேரில் உண்டாகி, இலைக்கு ஏறி, அங்குள்ள புன்வெற்றிடங்களில் அடைபடுகின்றது. தன் நஞ்சு தன் முதலுருவைத் தீண்டாவண்ணம் செடி அதனைப் பூட்டி வைக்கின்றது எனலாம். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணத்திலிருந்து திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய புகையிலையின் வீரியம் அவ்வறைகளிலிருந்தது! துலா மிதித்து இறைத்த நீர் தவறியவிடத்து இலை வாடியதும் அவ்வறைகளின் சாறு குறைந்து வீக்க அமுக்கம் தளர்ந்தமையாலேயாம்.

விலங்குக் கலங்களிற் புன்வெற்றிடங்கள் பெரும்பாலும் சிறியன, நிலையற்றன. இசுபலன்சானி கண்ட விண்மீனோ மூச்சுறுப்பன்று. பிரசாரணத்தால் இடையறாது உட்புகும் நன்னீரை வெளியேற்றி, உயிரி வெடியாமற் காப்பது.

சுயமொழிக் கல்விக்கென இலங்கையிற் கலைச்சொல் ஆக்கியோர், வேற்றுமொழிப் பெயரின் பொருளை வழுவாது பெயர்த்தனர். அவர்களைக் குறைகூறல் தகாது. எனினும், அதே பாடத்தில் அடுத்து வரும் 'கலச்சாறு' என்னும் சொல்லடியாக ஒரு பெயர் அமைந்திருப்பின் மாணவர் மயங்கார்.

பிந்திய ஆய்வு யப்பானிய அறிஞர் யொசினோரி ஓசுமியினுடையது. சமிபாட்டு நொதியங்கள் குறைந்த மதுவக் கலங்களை அவர் பட்டினியிட்டார். கலம் தன் பகுதிகளையே பொதிந்து புன்வெற்றிடத்துட் செலுத்த, அவை சிதையாது அங்கே சிறு குமிழ்களாய்ச் சில மணி நேரத்தில் நிரம்பியதைக் கண்டார். 2016இல் மருத்துவத்துக்கான நோபெற் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.