காசோலை யார் பேருக்கு வந்தது?

விவசாயிக்கு அரசாங்கம் மானியம் கொடுத்தது என்று வரலாற்றுப் புத்தகங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகின்றன. எந்த விவசாயிக்கு? நிலத்தை வைத்திருந்தவனுக்கா, அதில் குனிந்து கிடந்தவனுக்கா? இந்தக் கேள்வியோடு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள சன்ஃபிளவர் கவுண்டிக்குப் போவோம். கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி.

1933இல் பருத்தி விலை அதலபாதாளத்தில் கிடந்தது. சாகுபடியைக் குறை, காசு தருகிறேன் என்று ரூஸ்வெல்ட் அரசு சட்டம் போட்டது. அந்த ஆண்டே தெற்கு மாநிலங்களில் ஏறக்குறைய ஒரு கோடி ஏக்கர் பருத்தியை உழுது அழித்தார்கள். காசோலை பண்ணையார் பேருக்கு வந்தது. வாரத்துக்கு உழுத குடிகளுக்கு அவர் பங்கு தர வேண்டும். பலர் பழைய கடனில் கழிச்சுக்கிட்டாங்க. பலர் கண்ணிலேயே காட்டல. புகார் சொல்லப் போனால், கவுண்டி கமிட்டியில் உட்கார்ந்திருந்ததும் அதே பண்ணையார்கள்தான். திருடன் கையிலேயே சாவி!

சாகுபடி குறைந்தது, ஆள் தேவையும் குறைந்தது. குடிகளை வெளியேற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது, 'முடிந்தவரை' என்ற ஓட்டையோடு. அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்த அரசு வழக்கறிஞர்கள் 1935இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். மானியக் காசு டிராக்டரானது. டிராக்டர் குடிகளைத் துரத்தியது.

சன்ஃபிளவர் கவுண்டியில் இரண்டு பேரைப் பாருங்கள். ஒருவர் செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட், 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட குடும்பப் பண்ணைக்குச் சொந்தக்காரர். கறுப்பர்களின் சிவில் உரிமையைக் கடைசிவரை எதிர்த்தவர். 1967இல் அந்தப் பண்ணைக்குப் போன மானியம் ஒரு லட்சம் டாலருக்கும் மேல். பயிரிடாமல் விட்ட நிலத்துக்கும் காசு!

இன்னொருவர் ஃபேனி லூ ஹேமர். இருபது பிள்ளைகளில் கடைசி. ஆறு வயசுல பருத்தி பறிக்க இறங்கினவர். 1962 ஆகஸ்டில் வாக்காளராகப் பதியப் போனார். மனுவைத் திரும்ப வாங்கு, இல்லேன்னா கிளம்பு என்றார் பண்ணை முதலாளி. உங்களுக்காகப் பதியப் போகல, எனக்காகத்தான் போனேன் என்று பதில் சொல்லிவிட்டு அன்று இரவே வெளியேறினார். பதினெட்டு வருஷ உழைப்புக்கு அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

கையேந்தி நிற்கவில்லை அந்த அம்மா. 1969இல் அதே கவுண்டியில் 40 ஏக்கரில் கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். காய்கறி போட்டார்கள், ஏழைக் குடும்பங்களுக்கு வளர்க்கப் பன்றி கொடுத்தார்கள். வெளியிலிருந்து நன்கொடை திரட்டித்தான் நடத்த வேண்டியிருந்தது. கடனும் வரியும் அழுத்த, 1970களின் நடுவில் நிலம் கைவிட்டுப் போனது. 1977இல் அவரும் போய்விட்டார்.

நிலம் வைத்திருந்த கறுப்பர்களுக்காவது நியாயம் கிடைத்ததா? கடனிலும் மானியத்திலும் பாகுபாடு என்று 1997இல் வேளாண்மைத் துறைமீது வழக்குப் போட்டார்கள். 1999இல் சமரசம் ஏற்பட்டு, மொத்தம் 100 கோடி டாலருக்கு மேல் அரசு கொடுத்தது. ஆனால் 1920இல் ஒன்பது லட்சத்துக்கும் மேலிருந்த கறுப்பின விவசாயிகள் இன்று ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. 1930களில் துரத்தப்பட்ட வாரக்குடிகளோ அந்த வழக்கின் கணக்கிலேயே வரவில்லை.

மானியம் நடுநிலையானது என்பார்கள். பத்திரத்தைப் பார்த்துப் போகிற காசு, பத்திரம் இல்லாதவனை ஊரை விட்டே தள்ளும். இனி எந்த மானியம் பற்றிப் படித்தாலும், எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் கேளுங்கள்: யார் பேருக்கு?