இதயச் செயலிழப்பும் செல்லின் சிதைப்பு அமைப்புகளும்

இதயத் தசைச் செல்கள் மிக அரிதாகவே புதுப்பிக்கப்படுகின்றன. எனவே பழுதான புரதங்களையும் தேய்ந்த மைட்டோகாண்ட்ரியாக்களையும் அவை தமக்குள்ளேயே சிதைத்து அகற்றியாக வேண்டும். யூபிக்யூட்டின் குறி பெற்ற புரதங்களைப் புரோட்டியசோம் வெட்டுகிறது. அதற்கு அடங்காத பெரிய கூறுகளை, தன்னுண்ணல் எனப்படும் ஆட்டோஃபாஜி, சவ்வுப் பைகளில் பொதிந்து, செல்லின் செரிமானப் பையான லைசோசோமிடம் சேர்க்கிறது.

இந்த அமைப்புகளைப் புரிந்துகொண்ட வரலாற்றில் நோய் முந்தியது, விளக்கம் பிந்தியது. 1932இல் டச்சு மருத்துவர் போம்பே, இதயம் பெருத்து இறந்த ஏழு மாதப் பெண் குழந்தையின் திசுக்களில் கிளைகோஜன் நிறைந்த குமிழிகளைக் கண்டு விவரித்தார். லைசோசோம் அப்போது அறியப்படவில்லை; பெல்ஜியத்தின் லூவேனில் டி டூவ் அதை 1955இல்தான் அறிவித்தார். அதே லூவேனில் 1963இல் ஹெர்ஸ், போம்பே நோய்க்கு லைசோசோம் நொதி ஒன்றின் குறைபாடே காரணம் எனக் காட்டினார். தம் கேள்விக்குக் கிடைத்த இந்த விடையைப் போம்பே அறியவில்லை. டச்சு எதிர்ப்பு இயக்கத்தில் பங்கேற்றதற்காக ஜெர்மானியர் அவரை 1945 ஏப்ரலில் சுட்டுக் கொன்றிருந்தனர்.

யூபிக்யூட்டின் முறை 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெளிவானது. 1990களில் ஓசுமி, பட்டினி போட்ட ஈஸ்டில் தன்னுண்ணலுக்கான மரபணுக்களைக் கண்டறிந்தார். இளம் ஆண்களின் இதயத்தைத் தாக்கும் டேனன் நோய், லாம்ப்-2 என்ற லைசோசோம் சவ்வுப் புரதத்தின் குறைபாட்டால் வருவது என்பது 2000இல் உறுதியானது.

2007இல் வெளியான இரண்டு எலி ஆய்வுகள் எதிரெதிர்த் திசைகளைக் காட்டின. ஒசாகா குழுவினர், வளர்ந்த எலிகளின் இதயத்தில் தன்னுண்ணலுக்குத் தேவையான ஏடிஜி5 மரபணுவை நீக்கியபோது இதயம் விரிந்து, சுருங்கும் திறன் குன்றியது. டாலஸ் குழுவினர் மகாதமனியை இறுக்கி இதயத்துக்குக் கடும் அழுத்தம் தந்தனர். அங்கே தன்னுண்ணல் குறைந்த எலிகளின் இதயமே குறைவாகச் சீர்குலைந்தது. மிதமான அளவு காக்கும், மிகையானது கெடுக்கும் என்று இதை இணக்கப்படுத்துவோர் உண்டு. செயலிழந்த மனித இதயத்தில் குவிந்து காணப்படும் தன்னுண்ணல் பைகள் மிகை உற்பத்தியின் அடையாளமா, அகற்றம் தடைபட்டதன் விளைவா என்பதிலும் கருத்து வேறுபாடு நிலவுகிறது.

புரோட்டியசோமைத் தடுக்கும் புற்றுநோய் மருந்தான கார்ஃபில்சோமிப் சிலருக்கு இதயச் செயலிழப்பை உண்டாக்குகிறது. போம்பே நோய்க்கு 2006 முதல் நொதி மாற்றுச் சிகிச்சை உள்ளது. பொதுவான இதயச் செயலிழப்புக்கெனத் தன்னுண்ணலை நேரடி இலக்காகக் கொண்ட மருந்து எதுவும் இதுவரை அங்கீகரிக்கப்படவில்லை.