வெதரால் பாட்டியின் நூறு ஏக்கர்

அமெரிக்க எழுத்தாளர் கேத்தரின் ஆன் போர்ட்டர் 1929ஆம் ஆண்டு வெளியிட்ட சிறுகதையொன்றில், எண்பது வயதை எட்டிய வெதரால் பாட்டி மகள் கொர்னீலியாவின் வீட்டில் இறந்துகொண்டிருக்கிறாள். நம் வீடுகளில் 'சக்கராத்து வேளை' என்பார்களே, அந்த ஒரு பகற்பொழுதுதான் கதை. அறுபது ஆண்டுகளுக்கு முன், திருமண நாளன்று வராமலே போய்விட்ட ஜார்ஜ் என்பவனின் நினைவு அவளை விடாமல் வருத்துகிறது. ஆதலால் இதனைக் காதல் தோல்விக் கதை என்று சொல்லி முடித்துவிடுவோர் பலர். அவ்வாறு முடித்துவிடலாகாது என்பது என் கருத்து.

அவளுடைய நினைவுகளில் பெரும்பகுதி உழைப்பைப் பற்றியது. கணவன் ஜான் இளமையிலேயே இறந்துவிட்டான், பிள்ளைகளோ சிறியவர்கள். நூறு ஏக்கர் நிலத்துக்குத் தானே குழி தோண்டித் தூண் நட்டுக் கம்பி இழுத்து வேலியிட்டவள் அவள். நோயுற்ற குதிரைகளுக்கும் குழந்தைகளுக்கும் இரவெல்லாம் கண்விழித்தாள். அத்தனையும் ஜானுக்குத் தெரிய வேண்டும் என்று இப்போது விரும்புகிறாள். ஆயினும் கணவன் தன்னை இனி அடையாளம் கண்டுகொள்ள மாட்டான் என்ற எண்ணமும் எழுகிறது. அவன் தேடி வருவது கூந்தலில் சீப்புச் செருகிய ஓர் இளம்பெண்ணை அல்லவா!

கதையில் ஊர்ப்பெயர் இல்லை. எனினும் போர்ட்டர் டெக்சாஸ் மாநிலத்தவர். 1890இல் இந்தியன் க்ரீக் என்னும் சிற்றூரில் பிறந்தவர். அந்தக் கம்பி வேலிக்கு அங்கே தனி வரலாறு உண்டு. கிளிடன் என்பவர் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றது 1874இல். மரமும் கல்லும் அரிதான வெட்டவெளிகளில் அது மலிவான வேலியாயிற்று. மேய்ச்சல் நிலமும் நீர்த்துறையும் அடைபட்டபோது, 1883இல் டெக்சாஸில் வேலிகளை இரவோடிரவாக வெட்டும் கலகம் மூண்டது. அடுத்த ஆண்டே வேலி வெட்டுதல் கடுங்குற்றமெனச் சட்டம் வந்தது. அத்தகைய நாட்டில் விதவைக்கு வேலி என்பது பிள்ளைகளின் சோறு. ஸ்பானியர் வழிவந்த மரபை ஒட்டி, மணவாழ்வில் ஈட்டிய சொத்தில் மனைவிக்கும் பங்குண்டு என்பதை டெக்சாஸ் 1840லேயே ஏற்றிருந்தது. ஆனால் உரிமை ஏட்டில் இருந்தால் போதுமா? குழியை யாராவது தோண்டித்தானே ஆகவேண்டும்!

அந்த வேலைக்குத் துணை நின்றவன் ஒரு கறுப்பினச் சிறுவன். பாட்டியின் நினைவில் அவனுக்குப் பெயரில்லை. டெக்சாஸில் அடிமைகள் விடுதலையானதாக அறிவிக்கப்பட்டது 1865 ஜூன் 19இல்தான். அத்தனை கூர்மையான நினைவாற்றல் கொண்டவள் அவன் பெயரை மட்டும் சொல்லாமல் விட்டது வரலாறு படிப்போர் கண்ணில் படாமல் போகாது.

இப்பாட்டி ஆகாயத்திலிருந்து வந்தவளும் அல்லள். போர்ட்டருக்கு இரண்டு வயது நிரம்புமுன் 1892இல் தாய் மறைந்தார். கைல் என்ற ஊரில் அவரை வளர்த்தவர் விதவையான பாட்டி கேத்தரின் ஆன். ஆசிரியைக்குப் பெற்றோர் இட்ட பெயர் கேலி. பின்னாளில் பாட்டியின் பெயரையே தமக்குச் சூடிக்கொண்டார். அப்பாட்டி 1901இல் இறந்தபோது பேத்திக்கு வயது பதினொன்று. 1918இன் இன்ஃபுளுவென்சாவில் டென்வர் நகரில் ஆசிரியையே சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். மரணப் படுக்கையை அவர் வெறும் கற்பனையால் மட்டும் எழுதவில்லை.

இறுதியில் பாதிரியாரும் வந்துவிட்டார், பிள்ளைகளும் சூழ்ந்துவிட்டனர். கையிலிருந்த செபமாலை நழுவுகிறது. உயிருள்ள ஒன்று வேண்டுமென மகன் ஜிம்மியின் கட்டைவிரலைப் பற்றிக்கொள்கிறாள். இறைவனிடம் ஓர் அடையாளம் கேட்கிறாள். அடையாளம் வரவில்லை. மணமகன் வருகைக்கு விளக்கேந்திக் காத்திருந்த கன்னியரைப் பற்றிய இஞ்சில் உவமையை அறிந்த கிறிஸ்தவ வாசகருக்கு, இரண்டாம் முறையாகவும் மணமகன் வரவில்லை என்பது விளங்கும். இதைக் கண்டு ஆசிரியை இறைநம்பிக்கையையே மறுத்துவிட்டார் என்பது அவசர முடிவு. தேடியவளுக்கு அவ்வேளையில் எதுவும் புலப்படவில்லை என்பதை மட்டுமே கதை சொல்கிறது.

மாடியறையில் ஒரு பெட்டி இருக்கிறது. ஜார்ஜின் கடிதங்கள், ஜானின் கடிதங்கள், இருவருக்கும் அவள் எழுதியவை எல்லாம் அதில் கிடக்கின்றன. தான் எவ்வளவு பேதையாய் இருந்தாள் என்பதைப் பிள்ளைகள் அறியவேண்டாம் என்று, நாளை எடுத்து ஒழுங்கு செய்ய நினைத்திருந்தாள். விளக்கை ஊதி அணைக்கும்போது அப்பெட்டி அங்கேயேதான் இருக்கிறது.