இலச்சினையும் கல்வி நெறியும்

1897 சனவரியிற் சுவாமி விவேகானந்தர் அநுராதபுரத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி வண்டியிற் பயணஞ் செய்தார். வழியில் வவுனியாவிற் சைவ மக்கள் அவருக்கு வரவேற்புரை அளித்தனர். சுருக்கமாக மறுமொழி கூறியபின் அவர் வன்னிக் காடுகளினூடாக ஆனையிறவை அடைந்தார். அவ்வாண்டு மே முதலாந் திகதி கல்கத்தாவில் இராமகிருஷ்ண மிஷன் தோன்றியது. அதன் இலச்சினையை வகுத்தவரும் அவரே. ஈழத்துத் தமிழ்க் கல்வியுடன் நெருங்கிய தொடர்புடைய இவ்விலச்சினை ஆராயத்தக்கது.

அலைபாயும் நீர் கருமத்தையும், தாமரை பத்தியையும், உதயசூரியன் ஞானத்தையும், சுற்றி வளைந்த பாம்பு யோகத்தையும் குறிப்பன. நடுவிலுள்ள அன்னம் பரம்பொருளின் குறி. பாம்பைக் கல்வி நிலையமொன்றின் சின்னத்திற் காண்பது முதற்பார்வைக்கு விந்தையே. ஆயினும் மனத்தை ஒருமுகப்படுத்தலே அறிவின் வாயில் என்பது விவேகானந்தரின் கல்விக் கொள்கைக்கு உயிர்நிலையாகும். நான்கும் ஒரே வட்டத்துள் அமைந்தமையே இங்கு முதன்மையானது. உழைப்பு வேறு, அறிவு வேறு எனப் பிரித்துக் கற்பிக்கும் முறையை இவ்வோவியம் ஏற்கவில்லை.

இக்கருத்தை ஈழத்திற் பாடசாலை வாழ்வாக்கியவர் சுவாமி விபுலாநந்தர். காரைதீவில் 1892இற் பிறந்த மயில்வாகனன் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்றவர். விஞ்ஞானக் கல்வியும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும் ஒருங்கே பெற்றவர். 1924இல் துறவு பூண்டபின் மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. விவேகானந்தரின் கர்மயோகம், ஞானயோகம் ஆகியவற்றை அவரே தமிழாக்கினார் என்பதும் நோக்கற்பாலது. இலச்சினையின் அலையும் ஞாயிறும் இவ்வாறு தமிழிற் பேசத் தொடங்கின. விஞ்ஞானமும் தமிழும் அவரிடம் பகைகொள்ளவில்லை. பல்லாண்டு உழைத்து 1947இல் வெளியிட்ட யாழ்நூலிற் கணிதமும் இசையும் இலக்கியமும் கைகோத்து நிற்பதே இதற்குச் சான்று. அதே ஆண்டு யூலையில் மறைந்த அடிகளாரின் சமாதி சிவானந்த வித்தியாலய வளவிலேயே அமைந்தது.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தையடுத்து உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. பாடவிதானமும் ஆசிரியர் நியமனமும் கொழும்பின் கைக்குச் சென்றன. பொது நிருவாகம் எளியோர்க்குக் கல்வி வாயிலை விரித்தது என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் பாடசாலையை நிறுவியோரின் நெறியை வகுப்பறையிற் பேணும் கடமை, நிருவாகத்திடமிருந்து ஆசிரியரின் மனச்சான்றுக்கு மாறியது. சுவரிலுள்ள சின்னத்தை வண்ணம் பூசிக் காத்தல் எளிது; அது சொல்லும் ஒழுங்கை நேரசூசியிற் காத்தலே அரிது.

விவேகானந்தர் கடந்து சென்ற வன்னியில் இவ்வேறுபாடு கொடிய முறையில் வெளிப்பட்டது. 2008, 2009ஆம் ஆண்டுகளின் போரிற் பாடசாலைகள் ஊரோடு இடம்பெயர்ந்தன. கட்டடங்கள் பல சிதைந்தன. அவற்றின் முகப்பிற் பொறித்த சின்னங்களும் உடன் சிதைந்தன. பெயர்ப்பலகையோ மதிலோ இல்லாத நிலையிலும் ஆசிரியர்கள் மரநிழலிற் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். 2009இற் செட்டிகுளம் முகாம்களிற் கூடாரங்கள் வகுப்பறைகளாயின. அவ்வாண்டு ஓகத்தில் அங்கிருந்தே மாணவர் உயர்தரப் பரீட்சைக்கு அமர்ந்தனர்.